காவல் இல்லாத முதல் வரி

சென்னையை அடுத்த கோவளத்தில் வாடகைக்கு அறை விடுபவர்கள், வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டைக் கேட்டுவிடுவார்கள். கேட்காமல் இருக்கவும் முடியாது. கடலோர நட்சத்திர விடுதியானாலும் சரி, மாடியில் இரண்டு அறை கட்டிச் சர்ஃபிங் பழக வருபவர்களுக்கு விடும் வீடானாலும் சரி, வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் ‘சி ஃபார்ம்’ என்று சொல்லிப் பழகிய படிவத்தை இணையத்தில் நிரப்பிக் குடிவரவுத் துறைக்கு அனுப்பியாக வேண்டும். அதில் விசா விவரமும் கேட்பார்கள். விசா எங்கே என்றால், பெரும்பாலான விருந்தாளிகள் இப்போது நீட்டுவது நாலாக மடித்த ஒரு பிரிண்ட் அவுட்டைத்தான். அடுத்த தெரு ஜெராக்ஸ் கடையில் எடுத்ததைப் போலவே இருக்கும்.

உண்மையில் அந்தத் தாள் விசாவே இல்லை. ரயிலில் முன்பதிவு செய்தவரின் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியைப் போன்றது அது. இருக்கை எழுதப்பட்டிருப்பது பரிசோதகர் கையில் உள்ள பட்டியலில். இ-விசா என்பது ஓர் அரசின் கணினியில், குறிப்பிட்ட ஒரு பாஸ்போர்ட் எண்ணோடு முடிச்சுப் போட்டு வைத்த பதிவு. தாளைத் தொலைத்தாலும் பதிவு அங்கேயே இருக்கும். தாள் பத்திரமாக இருந்து, பதிவில் ஓர் எண் மாறியிருந்தால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கோவளத்துக்கு வருபவருக்கும், கோவளத்திலிருந்து இலங்கைக்கோ வியட்நாமுக்கோ கிளம்பும் நம்மூர்ப் பிள்ளைக்கும் இது பொது.

இந்தக் கடற்கரைக்கு வெளிநாட்டுக்காரர்கள் புதியவர்கள் இல்லை. இன்றைய பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் துறைமுகத்து வணிகர்கள் 1720-களில் இங்கே கிடங்கு வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த கோட்டையை 1752-ல் ராபர்ட் கிளைவ் பிடித்தார். அவர்களில் யாரிடமும் ஆளுக்கொரு பாஸ்போர்ட் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. நாட்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் பாஸ்போர்ட் காட்ட வேண்டும் என்ற கெடுபிடி முதல் உலகப் போரோடு வந்தது. இந்தியாவில் அதற்கான சட்டம் 1920-ல் வந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேல் நடப்பில் இருந்துவிட்டு 2025-ல்தான் புதிய குடிவரவுச் சட்டத்துக்கு இடம் விட்டது.

தூதரகத்தில் வரிசை நிற்காமல் மின்வழியில் அனுமதி தரும் ஏற்பாட்டை ஆஸ்திரேலியா 1996-லேயே தொடங்கிவிட்டது. இலங்கை 2012 ஜனவரியில் தொடங்கியது. 2024-ல் அந்தப் பணியை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைத்து, கட்டணம் பற்றிப் பெரிய சர்ச்சையாகி, உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு பழைய முறைக்கே திரும்பியது தனிக் கதை. இந்தியா இறங்கியது 2014 நவம்பர் 27 அன்று. முதல் கட்டத்தில் 43 நாட்டவருக்கு, ஒன்பது விமான நிலையங்களில் மட்டும். அந்த ஒன்பதில் சென்னையும் உண்டு, திருவனந்தபுரமும் உண்டு. ஆகவே சென்னைக் கோவளம், திருவனந்தபுரத்துக் கோவளம் இரண்டுக்கும் முதல் நாளிலிருந்தே இ-விசாவில் வர வழி இருந்தது. கேரளத்துக் கோவளத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிடும் பயணியை மட்டும் எந்தப் படிவமும் எச்சரிப்பதில்லை.

கட்டணத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2019-ல் அறிவித்த முறைப்படி, 30 நாள் சுற்றுலா இ-விசாவுக்குப் பல நாட்டவர் ஏப்ரல் முதல் ஜூன் வரை 10 டாலர் கட்டினால் போதும். மற்ற மாதங்களில் 25 டாலர். வெயில் காலத்தில் யார் வரப்போகிறார்கள் என்று டெல்லியில் கணக்குப் போட்டிருப்பார்கள். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தொடங்கிய சர்ஃப் பள்ளியால் பெயர் பெற்ற சென்னைக் கோவளத்துக்கோ, பலகையோடு ஆட்கள் வரத் தொடங்குவதே அந்த வெயிலில்தான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில்தான் இங்கே சறுக்குவதற்கு ஏற்ற அலை எழும். ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது 2025 ஆகஸ்டில்.

இனி பாஸ்போர்ட்டைப் படிக்கும் இயந்திரத்துக்கு வருவோம். உங்கள் பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தைத் திறந்து அடியில் பாருங்கள். பெரிய ஆங்கில எழுத்துகளும் எண்களும் < என்ற குறிகளுமாக இரண்டு வரிகள் இருக்கும். வரிக்கு 44 இடம், கூடவும் கூடாது குறையவும் கூடாது. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1980-ல் முதன்முதலாக வெளியிட்ட விதி இது. 9303 என்ற எண் கொண்ட அதன் ஆவணத்தை எல்லா நாடுகளும் பின்பற்றுகின்றன. எழுத்துரு ‘ஓசிஆர்-பி’. கணினியும் மனிதக் கண்ணும் ஒருசேரப் படிக்கும்படி 1968-ல் ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் வடிவமைத்தது. குடிவரவு கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கும்போது, உள்ளே இருக்கும் கருவி 900 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறது. பக்கம் முழுக்க ஓடும் வண்ணக் கோலங்கள் அந்த ஒளியில் மறைந்துபோகும். இந்த இரண்டு வரிகளின் மை மட்டும் ஒளியை விழுங்கிக் கருப்பாக நிற்கும். போலிகளைத் தடுக்கப் போட்ட அலங்காரம் படிப்பதற்கு இடைஞ்சலாகக் கூடாது என்பதற்காகச் செய்த தந்திரம் இது.

இரண்டாவது வரியில் பாஸ்போர்ட் எண், நாடு, பிறந்த தேதி, பாலினம், காலாவதித் தேதி எல்லாம் வரிசையாக வரும். எண்ணுக்குப் பின்னால் ஓர் இலக்கம், பிறந்த தேதிக்குப் பின்னால் ஒன்று, காலாவதித் தேதிக்குப் பின்னால் ஒன்று என்று, எங்கிருந்து வந்தது என்று புரியாத ஒற்றை இலக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை காவல் இலக்கங்கள். கணக்கு எளிது, ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 1998 ஆகஸ்ட் 12-ல் பிறந்தவர் என்றால் அவர் தேதி 980812. இலக்கங்களை இடமிருந்து வலமாக 7, 3, 1, மறுபடி 7, 3, 1 என்று பெருக்குங்கள்: 63, 24, 0, 56, 3, 2. கூட்டினால் 148. பத்தால் வகுத்தால் மீதி 8. அந்த 8-தான் தேதிக்குப் பக்கத்தில் நிற்கும். யாராவது கை தவறிக் கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றி 980821 என்று பதிந்தால் கூட்டுத்தொகை 150 ஆகிவிடும், மீதி 0. எங்கோ பிசகு என்று கருவிக்குத் தெரிந்துவிடும்.

ஏன் 7, 3, 1? இந்த மூன்றுக்கும் பத்துக்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுத்தி கிடையாது. அதனால் ஒரே ஓர் இலக்கம் மாறினாலும் மீதி மாறியே தீரும். எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு: ஏ-வுக்கு 10, பி-க்கு 11 என்று தொடங்கி இஸட்டுக்கு 35. ஓ என்ற எழுத்தின் மதிப்பு 24. அதைப் பூஜ்யம் என்று தவறாகப் படித்தால் மீதி ஒத்துவராது. ஐ-யை ஒன்று என்றும் எஸ்ஸை ஐந்து என்றும் படித்தாலும் அப்படியே. ஆனால் இந்தக் காவலிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களின் வித்தியாசம் ஐந்தாக இருந்து அவை இடம் மாறினால், அதாவது 16 என்பது 61 ஆகவோ 38 என்பது 83 ஆகவோ ஆனால், மீதி மாறாது. 7, 3, 1 ஆகியவற்றில் எந்த இரண்டைக் கழித்தாலும் இரட்டைப்படை எண் வரும். ஐந்தோடு பெருக்கினால் பத்தின் மடங்காகிவிடும். பாஸ்போர்ட் எண்ணில் அப்படி ஒரு ஜோடி இருப்பவர்கள் தட்டச்சு செய்யும்போது இன்னொரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இணையத்தில் இ-விசா படிவம் நிரப்பும்போது இந்தக் காவல் பல நேரம் வேலை செய்வதே இல்லை. நீங்கள் எண்ணையும் தேதியையும் கையால் அடிக்கிறீர்கள். காவல் இலக்கத்தை யாரும் கேட்பதில்லை. அடித்தது சரியா என்று படிவத்துக்குத் தெரிய வழியில்லை. ஆஸ்திரேலியா தன் செயலியில் கைபேசியை வைத்தே பாஸ்போர்ட்டைப் படிக்கச் சொல்கிறது, அது புத்திசாலித்தனம். கையால் நிரப்பும் படிவங்களில், அடித்ததற்கும் புத்தகத்தில் உள்ளதற்கும் ஒப்பீடு நடப்பது பெட்டியோடு விமான நிலையத்துக்கு வந்த பிறகு.

மேலே உள்ள முதல் வரிக்குக் காவல் இலக்கமே கிடையாது. பாஸ்போர்ட்டின் வகை, வழங்கிய நாடு ஆகியவற்றுக்கு ஐந்து இடம் போக மீதி 39 இடமும் பெயருக்கு. குடும்பப் பெயர், இரண்டு < குறிகள், பிறகு சொந்தப் பெயர். விதி எழுதியவர்கள் உலகத்தில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருக்கும் என்று நினைத்தே தொடங்கியிருக்கிறார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? மு. கண்ணன் என்றால் முருகன் மகன் கண்ணன், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, விரித்து எழுத வேண்டும். ஒருவர் கண்ணன் என்பதைச் சொந்தப் பெயராகவும் முருகன் என்பதைக் குடும்பப் பெயராகவும் எழுதுவார். இன்னொருவர் இரண்டையும் சொந்தப் பெயருக்கான கட்டத்திலேயே போட்டுக் குடும்பப் பெயரைக் காலியாக விடுவார். வேறொருவர் அப்பா பெயரை முன்னால் வைப்பார். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் இரண்டு விதமாக வைத்திருப்பது இங்கே சர்வசாதாரணம்.

உள்ளூரில் இதனால் ஒன்றும் ஆகாது. வெளிநாட்டு விசாப் படிவத்தின் முன்னால் உட்காரும்போதுதான் சிக்கல். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் சில படிவங்கள் அடுத்த பக்கத்துக்கு நகராது. அப்போது மனம் போனபடி அப்பா பெயரைப் போட்டு நகர்த்திவிடத் தோன்றும். அமெரிக்கத் தூதரகங்களில் ஒற்றைப் பெயர்க்காரரின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ என்று மூன்று எழுத்தைப் போடுவார்கள். சொந்தப் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெற்றவர்கள் வைத்த பெயர் குடும்பத்துக்குப் போய்விடும், ஆள் அங்கே போய் எஃப்என்யு ஆகிவிடுவார். ஐக்கிய அரபு அமீரகம் இன்னும் கறார்: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று 2022 நவம்பரில் விமான நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் விடலாம் என்ற தளர்வு பிறகு வந்தது. மலேசியத் தமிழர்களுக்கு வேறு விதத் தொல்லை. அவர்கள் பெயரில் மகன் என்பதைக் குறிக்கும் ‘ஏ/எல்’ நடுவில் நிற்கும். இயந்திர வரியிலோ ஆங்கில எழுத்து, எண், < குறி மூன்றைத் தவிர வேறெதற்கும் இடமில்லை, சாய்கோடு நுழைய முடியாது.

நான் கேட்பவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். ஆதாரையும் பள்ளிச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பாஸ்போர்ட்டின் அந்த முதல் வரியில் < குறிகளுக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்து, எழுத்து மாறாமல் அப்படியே அடியுங்கள். ழகரத்துக்கு அங்கே எந்த எழுத்தைப் போட்டிருக்கிறார்களோ அதேதான் விசாவிலும், பிடிக்காவிட்டாலும். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அந்த நாட்டின் விளக்கக் குறிப்பில் அதற்கென்று ஒரு வழி சொல்லியிருப்பார்கள். தேடிப் படிக்க வேண்டும். தேதியில் நாள் முதலா மாதம் முதலா என்றும் பாருங்கள்.

அப்புறம் முகவரி. தேடுபொறியில் இ-விசா என்று அடித்தால் முதலில் வந்து நிற்பவை பல நேரம் அரசுத் தளங்களே இல்லை. கட்டணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வாங்கிக்கொண்டு, நீங்கள் கொடுத்த விவரத்தை உண்மையான தளத்தில் இன்னொரு முறை அடிக்கும் இடைத்தரகர்கள். பிழை நுழைய இன்னொரு வாசல் அது. இந்தியத் தளம் ‘கவ் டாட் இன்’ என்று முடியும், இலங்கைத் தளம் ‘கவ் டாட் எல்கே’ என்று முடியும்.

விமான நிலையத்தில் முதல் சோதனை நடப்பது குடிவரவு கவுண்டரில் கூட இல்லை, விமான நிறுவனத்தின் கவுண்டரில். எந்த நாட்டவர் எந்த நாட்டுக்குப் போக என்ன வேண்டும் என்ற விதிகளைத் திரட்டித் தரும் ‘டிமாடிக்’ என்ற தொகுப்பை அவர்கள் பார்க்கிறார்கள். 1963 முதல் இருப்பது. சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றிக்கொண்டு போனால் தண்டம் கட்டுவது விமான நிறுவனம். இந்தியாவில் 2025 வரை நடப்பில் இருந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்திருந்தது. கவுண்டரில் இருக்கும் பெண் ஓர் எழுத்துக்காக ஏன் இவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறார் என்று சலித்துக்கொள்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

சென்னை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் 2025 மார்ச் முதல் சிப் வைத்த இ-பாஸ்போர்ட் தருகிறது; அட்டையில் சின்னப் பொன்னிறக் குறி இருக்கும். அந்தச் சிப்பைத் திறக்கும் சாவி எது தெரியுமா? பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி, அவற்றின் காவல் இலக்கங்கள். இரண்டாவது வரியைப் படித்த கருவிக்குத்தான் சிப் வாய் திறக்கும், சும்மா பக்கத்தில் கருவியைக் கொண்டுவந்தால் திறக்காது. சாவியில் பெயருக்கு இங்கேயும் பங்கு இல்லை. உள்ளே இருக்கும் பெயரும் படமும் அரசின் மின் கையொப்பத்தோடு பூட்டப்பட்டவை, ஓர் எழுத்தைத் திருத்தினாலும் கையொப்பம் பொய்த்துவிடும். எனவே பெயரை இரண்டு கட்டத்துக்கும் ஒழுங்காகப் பிரித்துக்கொள்ள நினைப்பவர்கள் பழைய புத்தகத்தில் திருத்தம் கேட்க முடியாது. மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துப் புதிய புத்தகம்தான் வாங்க வேண்டும். கோவளத்துக்காரர்களுக்குப் பக்கம் தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திரம்; பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய். எண் மாறிவிடும் என்பதால், விசாவுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.