வகுப்பும் உருப்படியும்

‘மாணவர்’ என்பது பொதுப்பெயர். ‘வள்ளி’ என்பது ஒருவர்க்கே உரிய சிறப்புப்பெயர். இவ்வேறுபாட்டைத் தமிழாசிரியர் தொடக்கப்பள்ளியிலேயே கற்பிக்கின்றனர். கணினிக்கு நிரல் எழுதும் மொழிகளிலும் இத்தகைய பிரிவு உண்டு. பொதுமையை வகுத்துரைப்பது ‘கிளாஸ்’, அதாவது வகுப்பு. பள்ளிக்கூடத்து வகுப்பு அன்று. இனம் எனக் கொள்க. அதன்வழித் தோன்றும் தனிப்பொருள் ஒவ்வொன்றும் உருப்படி எனப்படும்.

1960களில் நார்வே நாட்டு அறிஞர் டால், நிகார்டு ஆகிய இருவரும் அமைத்த சிமுலா மொழியில் இக்கருத்து உருப்பெற்றது. 1995இல் பிரெண்டன் ஐக் படைத்த ஜாவாஸ்கிரிப்ட் மொழியோ வேறு வழியிற் சென்றது. அதில் ஒரு பொருள், தன்னிடம் இல்லாததைத் தன் முன்மாதிரியிடமிருந்து பெறும். 2015இல் ‘கிளாஸ்’ என்னும் சொல் அம்மொழியில் இடம்பெற்றது. எனினும் உள்ளே நிகழும் முறை மாறவில்லை.

அம்முறை யாது? ‘மாணவர்’ என்னும் வகுப்பை எழுதி, ‘நியூ’ என்னும் கட்டளையால் வள்ளி, கண்ணன் என இரண்டு உருப்படிகளை ஆக்குவதாகக் கொள்வோம். ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்னும் பகுதி, பெயரையும் மதிப்பெண் பட்டியலையும் அவரவர்க்குத் தனித்தனியே அமைத்துத் தரும். சராசரி காணும் செயல்முறையோ இருவர்க்கும் பொது. அது முன்மாதிரியில் இருக்கும். வள்ளியின் சராசரியைக் கேட்டால், கணினி அச்செயல்முறையை முதலில் வள்ளியிடம் தேடும். அங்கில்லாமையால் முன்மாதிரியிற் கண்டு, வள்ளியின் எண்களைக் கொண்டே கணக்கிடும். அவ்வேளை ‘திஸ்’ என்னும் சொல் வள்ளியைச் சுட்டும். கண்ணன்வழி அழைத்தால் கண்ணனைச் சுட்டும். ‘இவர்’ என்னும் சுட்டுப்பெயர் இடத்திற்கேற்ப ஆளைக் குறிப்பது போன்றதே இது.

வகுப்பை அச்சு என்றும் உருப்படியை அதில் அறுத்த செங்கல் என்றும் விளக்குவாருளர். செங்கல்லை அறுத்தபின் அச்சைத் திருத்தினால் கல் மாறாது. ஜாவாஸ்கிரிப்டிலோ, முன்மாதிரியிலுள்ள செயல்முறையைப் பின்னர்த் திருத்தினால், முன்பே தோன்றிய உருப்படிகளும் அத்திருத்தத்தின்படியே நடக்கும்.

இதனை அறியாதார்க்கு நேரும் பிழை சிறிதன்று. மதிப்பெண் பட்டியலை உருப்படியில் வைக்காது முன்மாதிரியில் வைத்துவிட்டால், வள்ளிக்கெனச் சேர்த்த 80 கண்ணனிடத்தும் காணப்படும். இருவர்க்கும் பட்டியல் ஒன்றே ஆதலின். கணினி எச்சரிக்கை தருவதுமில்லை. ஒருவர் உழைப்பு மற்றொருவர் கணக்கில் ஏறிவிடும்.

ஆகவே, நிரல் எழுதுமுன் மாணவர் கேட்டுப் பழக வேண்டிய வினாக்கள் இரண்டு: அனைவர்க்கும் பொதுவானது எது? ஒருவர்க்கே உரியது எது? செயலைப் பொதுவில் வைத்து, உடைமையைத் தனித்து வைக்கப் பழகியவர்க்கு இக்குழப்பம் நேராது.