எருமைப் பேனும் குளிர்காலமும்

மார்கழி, தை மாதங்களில் எருமைக் கன்று ஒன்று ஓயாது தூணில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருக்குமாயின், அதனை விளையாட்டென்று எண்ணி விட்டுவிடலாகாது. மயிரை விலக்கிப் பார்த்தல் வேண்டும். சாம்பல் கலந்த பழுப்பு நிறப் பேன்களும், மயிரோடு ஒட்டிய வெண்மையான ஈர்களும் அங்கே காணக்கூடும்.

விஞ்ஞானிகள் இப்பேனை 'ஹீமடோபைனஸ் டியூபர்குலேட்டஸ்' என்பர். 1839இல் பர்மைஸ்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனை விவரித்துப் பெயரிட்டார். வளர்ந்த பேனின் நீளம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். இதற்கு இரத்தமே உணவு. பேன் மிகுந்தால் கன்றுக்கு இரத்தச் சோகை உண்டாகும், வளர்ச்சி குன்றும். மெலிந்த கன்று இறந்துபோதலும் உண்டு.

பேன் பெருகுவது ஏன்?

ஹைதராபாத்தின் வடகிழக்குப் புறத்திலுள்ள குஷாய்குடாவில் கோடை வெயில் கடுமையானது. டிசம்பர், ஜனவரி இரவுகளோ குளிர்ந்தவை. கோடையில் தோலின் வெப்பம் மிகுவதால் பேன்கள் குறைகின்றன. குளிர்காலத்தில் மயிர் அடர்கிறது, கால்நடைகள் ஒன்றையொன்று ஒட்டிப் படுக்கின்றன, குளிப்பாட்டுவதும் குறைகிறது. பேனுக்கு இதனினும் ஏற்ற காலம் வேறில்லை. முதிர்ந்த எருமைக்கு மயிர் குறைவு, கன்றுக்கோ மிகுதி. எனவே கன்றே முதலில் பீடிக்கப்படுகிறது. இட நெருக்கடியுள்ள நகர்ப்புறத் தொழுவங்களில் ஆபத்து மேலும் மிகும். தீவனக் குறைவும், குடற்புழு முதலிய பிற நோய்களும் இதற்குத் துணைபோகின்றன.

சேற்றிலிருந்து பேன் தோன்றுகிறது என்று நினைப்பவர் உளர். அது சரியன்று. பேன் ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்கே பரவுகிறது. போர்த்தும் சாக்கு, கயிறு, பிரஷ் ஆகியவையும் அதனைச் சுமந்து செல்லும். விலங்கின் உடலை விட்டு நீங்கிய பேன் சில நாட்களில் மடிந்துவிடும். மனிதர் உடலில் அது தங்கி வாழ்வதில்லை.

ஒழிக்கும் முறை

பலர் ஒருமுறை மருந்திட்டு நிறுத்திவிடுகின்றனர். சில வாரங்களில் பேன் மீண்டும் தோன்றவே, மருந்து பயனற்றது என்று வருந்துகின்றனர். குற்றம் மருந்தினுடையதன்று. பேனைக் கொல்லும் மருந்து ஈரைக் கொல்வதில்லை. ஈர் பொரிக்க 9 முதல் 13 நாட்களாகும். பொரித்த குஞ்சு முதிர்ச்சியடைய ஏறத்தாழ அத்தனை நாட்களே போதும். ஆகவே 14 நாட்கள் கழித்து மறுமுறை மருந்திடுதல் இன்றியமையாதது. கன்று, கறவை, கிடேரி என்ற வேறுபாடின்றி எல்லாவற்றிற்கும் ஒரே நாளில் சிகிச்சை செய்தல் வேண்டும். முன்னதாக மயிரைக் கத்தரித்துவிடுவது நலம்.

முற்காலத்தில் பி.எச்.சி. தூளைத் தூவுவது வழக்கம். அது கொழுப்பில் தங்கிப் பாலிலும் கலப்பது. 1997இல் இந்தியாவில் அது தடைசெய்யப்பட்டது. இன்றைய மருந்துகளிலும் சில பாலில் வெளிப்படுவதால், கறவைக்கு உரிய மருந்தினையும், பாலை எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பதனையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

புதிதாக வாங்கிய எருமையைத் தனியே கட்டிச் சோதித்த பின்னரே மந்தையில் சேர்க்க வேண்டும். கார்த்திகையிலேயே கன்றுகளின் கழுத்தையும் காதடியையும் வாலையும் வாரம் ஒருமுறை பார்த்துவருபவர், தை மாதத்தில் கன்றை இழந்து வருந்த நேராது.