கரண்ட் வந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறும்?

2012-ஆம் ஆண்டு மின்வெட்டை வடுகபட்டியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த மணி நேரம் இருக்காது. காற்றாலைகள் சுழலும் தேனி மாவட்டத்து ஊராக இருந்தும் தப்பவில்லை. இன்வெர்ட்டர் வாங்கிய வீடுகளிலும் நடு இரவில் ‘பீப் பீப்’ என்று இன்வெர்ட்டர் கத்த, மின்விசிறி நின்றது. பேட்டரி மட்டம் என்ற பேச்சு எழுந்தது. பெரும்பாலும் கோளாறு கணக்கில்தான் இருந்தது.

வீட்டு இன்வெர்ட்டருக்கு வழக்கமாக வைப்பது 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரி. 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் 20 மணி நேரம் தாங்கும் என்பதே அந்த 150-இன் பொருள். மூன்று மின்விசிறி, ஒரு பல்பு ஓடினால் 240 வாட். அதை 12-ஆல் வகுத்தால் 20 ஆம்பியர். இன்வெர்ட்டரின் சொந்தச் செலவையும் சேர்த்தால் 25. ஆக, ஒரு மணி நேர வெட்டில் 25 ஏ.ஹெச். போய்விடும். கரண்ட் வந்ததும் 12 ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி நேரத்தில் 12 கொடுக்கும். வீணானது போகப் பத்துதான் தங்கும். சுற்றுக்குச் சுற்று 15 நஷ்டம். ஐந்தே சுற்றில், அதாவது பத்து மணி நேரத்தில், பாதி பேட்டரி காலி!

பெரிய சார்ஜர் போட்டால் தீராதா? ஈய-அமில பேட்டரி அதற்கு இணங்காது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பதே பாதுகாப்பான வழக்கம்: 150-க்கு 15. கடைத் தராசுக்குள் இருக்கும் 4.5 ஏ.ஹெச். குட்டி பேட்டரிக்கு 0.45. வரம்பு மீறினால் பேட்டரி கொதிக்கும், தண்ணீர் வற்றும்.

பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் பத்து மணி நேரத்தில் நிரம்ப வேண்டுமே? நிரம்பாது. முக்கால்வாசி வரை விறுவிறுவென ஏறும். 14.4 வோல்ட்டைத் தொட்டதும் சார்ஜர் அந்த வோல்ட்டிலேயே நின்றுகொள்ள, ஆம்பியர் 15-லிருந்து 8, 4, 2 என்று இறங்கும். அந்த நேரத்தில் மூடியருகே காது வைத்தால் குமிழிகள் பொரியும் சத்தம் கேட்கும். வெளியேறுவது ஹைட்ரஜன், பக்கத்தில் தீக்குச்சி உரசவே கூடாது. முழுசாக நிரம்ப 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2012-இல் அத்தனை நேரம் தொடர்ச்சியாகக் கரண்ட் கிடைக்கவில்லை. அரைகுறையாகவே கிடந்த தகடுகளில் சல்பேட் படிந்து இறுக, நல்ல பேட்டரிகளும் சீக்கிரமே செத்தன.

மின் ஸ்கூட்டர்களில் இருக்கும் லித்தியம் பேட்டரி வேகமாக வாங்கிக்கொள்ளும் என்றாலும், கடைசிப் பகுதி அதற்கும் மெதுவாகத்தான் ஏறும். மின் ஸ்கூட்டர் நிறுவனங்கள் பெரும்பாலும் 80 சதவீதம் வரையிலான நேரத்தை மட்டும் சொல்வதற்கு இதுவே காரணம். ஓசூரில் தயாராகும் ஐக்யூப் ஸ்கூட்டரின் சிறிய பேட்டரி 2.2 யூனிட். அதில் 80 சதவீதம் 1.76 யூனிட், 950 வாட் சார்ஜரில் இரண்டு மணி நேரத்தை ஒட்டி வரும். அதே பேட்டரிக்கு 650 வாட் சார்ஜர் என்றால் இரண்டே முக்கால் மணி நேரமாவது ஆகும். விலை பேசும்போதே சார்ஜர் எத்தனை வாட் என்று கேட்டுவிட வேண்டும்.