குழியில் கிடைத்த கல்

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில், தெருமுனைக் குழியிலிருந்து ஒரு ஜல்லிக் கல்லை எடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் வாங்க வந்தவன் செய்கிற வேலையா இது என்பதுபோல் கடைக்காரர் பார்த்தார். கல் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. பொட்டுத் தார்கூட இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தக் கல்லைத் தாரில் புரட்டி, ஆவி பறக்கக் கொட்டி, மேலே ரோலர் ஓட்டியதை நானே வேடிக்கை பார்த்திருக்கிறேன். கல் உடையவில்லை. தாரும் உருகி ஓடிவிடவில்லை. இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

சாலை பெயர்ந்தால் ‘தாரைக் குறைச்சுப் போட்டுட்டான்’ என்பதுதான் நம் முதல் தீர்ப்பு. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அளவு குறையாமல் தார் போட்ட சாலையிலும் கல் இப்படிக் கழன்று வருவதுண்டு. (கண்டிப்பான அர்த்தத்தில் தார் என்பது நிலக்கரியிலிருந்து வருவது. இன்று சாலைக்குப் போடுவது கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் பிட்டுமின். ஊர் வாயில் அதுவும் தார்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

கருங்கல்லில் சிலிக்கா அதிகம். சிலிக்கா மிகுந்த கல்லின் மேற்பரப்பு எண்ணெய்ப் பசையைவிடத் தண்ணீரிடம்தான் அதிகம் ஒட்டும். ஓர் இடுக்கு கிடைத்தால் போதும், தண்ணீர் உள்ளே புகுந்து தாரை நெம்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். சுண்ணாம்புக் கல்லில் இந்தத் தொல்லை குறைவு. நமக்கு வாய்த்ததோ பெரும்பாலும் கருங்கல். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறைக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கிற, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதைக் கண்ட தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர், சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். முந்நூறு வருடம் ஒரு கல்லறையைத் தாங்குகிற உறுதி அதற்கு உண்டு. தாரைப் பிடித்து வைத்துக்கொள்கிற குணம் வேறு சமாச்சாரம்.

அந்தக் குணத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. தார் பூசிய ஜல்லியை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் 40 டிகிரி வெந்நீரில் 24 மணி நேரம் ஊறவைப்பார்கள். மறுநாள் எடுத்து, எவ்வளவு பரப்பில் தார் மிச்சமிருக்கிறது என்று கண்ணால் பார்த்து மதிப்பிடுவார்கள். 95 சதவீதமாவது மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டவைக்கும் ரசாயனத்தைத் தாரில் கலக்கலாம், அல்லது ஜல்லியோடு 2 சதவீதம் அளவுக்கு நீற்றிய சுண்ணாம்பைச் சேர்க்கலாம். மொட்டை மாடிக்குத் தளம் போட்ட நம் கொத்தனார்களின் அதே சுண்ணாம்புதான்.

சாலைப் பொருள் சோதனைகள் எல்லாமே ஒரு வகையில் காலத்தை அவசரப்படுத்துகிற வேலை. ஏழெட்டு மழைக்காலமும் சில லட்சம் லாரிகளும் செய்யப்போவதை ஒரு நாளில், ஓர் அறைக்குள் செய்து பார்க்க வேண்டும். எனவே சோதனைக்கூடத்தில் பெரும்பாலும் அடிதடிதான். 14 கிலோ சம்மட்டியை 38 செ.மீ. உயரத்திலிருந்து ஜல்லிமேல் 15 தரம் விழவிட்டு, எவ்வளவு பொடியாகிறது என்று சலித்துப் பார்ப்பது ஒன்று. லாஸ் ஏஞ்சலஸ் பெயர் தாங்கிய இரும்பு உருளைக்குள் ஜல்லியையும் எஃகுக் குண்டுகளையும் போட்டு 500 சுற்று உருட்டுவது இன்னொன்று. அது ஓடும்போது பக்கத்தில் நின்று பேச முடியாது.

இந்த அடியெல்லாம் கல்லுக்கு. கல்லும் தாரும் சேர்ந்த கலவைக்கு வேண்டியது பதம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாகு குறைந்தால் கடலை உதிரும். கூடினால் மிட்டாய் கையில் ஒட்டி இழுக்கும். சாலையிலும் அப்படியே. 100 கிலோ கலவையில் தார் ஏறக்குறைய 5 கிலோதான். அரை கிலோ கூடினாலும் குறைந்தாலும் வேறு சாலை.

இந்தப் பதத்தைக் கண்டுபிடிக்கும் முறையை 1939 வாக்கில் வகுத்தவர் அமெரிக்காவின் மிசிசிப்பி நெடுஞ்சாலைத் துறையில் இருந்த புரூஸ் மார்ஷல். சுடச்சுடக் கலவையை ஓர் அச்சில் போட்டு, இருபுறமும் 75 அடி அடித்து, உள்ளங்கை அகல வில்லையாக்குவார்கள். அதை 60 டிகிரி தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, பக்கவாட்டில் வைத்து நசுக்குவார்கள். 60 டிகிரி சும்மா வைத்த கணக்கல்ல. கத்திரி வெயிலில் கறுத்த சாலை எட்டக்கூடிய சூடு அது. வில்லைக்குள் 3 முதல் 5 சதவீதம் காற்றிடம் இருக்க வேண்டும் என்பதும் கணக்கு. சூட்டில் தார் விரியும்போது அதற்கு ஒதுங்க இடம் வேண்டாமா? இடமே இல்லாவிட்டால் மேலே கசிந்து மினுமினுக்கும், செருப்பில் ஒட்டும். இடம் அதிகமானால் அதில் மழை குடியேறும்.

தண்ணீரோடு எடையும் சேர்ந்து என்ன செய்யும் என்று பார்க்க ஜெர்மானியர்கள் ஒரு கருவி செய்தார்கள். பிறந்த ஊர்ப் பெயரோடு ஹாம்பர்க் சக்கரச் சோதனை என்கிறார்கள். வெந்நீரில் மூழ்கிய கலவைத் துண்டின்மேல் ஓர் எஃகுச் சக்கரம் முன்னும் பின்னும் 20,000 தடவை ஓடும். ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடும். கருவி வரைந்து தரும் கோடுதான் சுவாரஸ்யமானது. முதலில் பள்ளம் மெல்ல மெல்ல ஆழமாகிறது. பிறகு ஏதோ ஓர் இடத்தில் கோடு சட்டென்று கீழே சரிகிறது. கல்லைத் தார் கைவிட்ட கணம் அது. என் தெருமுனையிலும் அப்படி ஒரு கணம் இருந்திருக்கும், பார்க்கத்தான் ஆளில்லை.

எடை என்றதும் சொல்லாமல் விடக்கூடாத ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஓட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், கெடுப்பதற்கென்றே போட்ட சாலைகளை 1958 முதல் 1960 வரை ஓட்டிக் கெடுத்தார்கள். ஆஷோ சாலைச் சோதனை என்று பெயர். ஆறு வளையங்கள், அவற்றில் வெவ்வேறு கனத்தில் 836 துண்டுகள். ராணுவ ஓட்டுநர்கள் லாரிகளை இரண்டு வருடம் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். அச்சுகளின் எண்ணிக்கையில் 11 லட்சத்துக்கு மேல் ஓட்டம். ஒரு வளையத்தில் மட்டும் வண்டியே விடவில்லை; வெயிலும் பனியும் தனியாக என்ன செய்கின்றன என்று பார்க்க. சாலை எந்த அளவுக்கு நன்றாக இருக்கிறது என்று தீர்மானிக்க ஆட்களைக் காரில் உட்காரவைத்து ஓட்டிக்காட்டி, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. இறுதியில் சாலைக்கு நீதிபதி நம் முதுகெலும்புதானே.

அங்கே கிடைத்த விடை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது: அச்சின் எடை இரட்டிப்பானால் சாலைக்கு வரும் சேதம் இரட்டிப்பாவதில்லை, சுமார் 16 மடங்காகிறது. நான்காம் அடுக்குக் கணக்கு. நாலு சக்கர ஒற்றை அச்சுக்கு அனுமதித்த எடையை இந்தியா 2018-ல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. பார்க்கப்போனால் ஒரு டன் சொச்சம்தான். நான்காம் அடுக்கில் போட்டுப் பாருங்கள், சேதம் ஒன்றுக்கு 1.6 ஆகிறது. அதற்கு மேல் ஏற்றிப்போகும் மணல் லாரிகளுக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். காரும் பைக்கும் இந்தக் கணக்கில் தூசு.

கல்லைத் தார் கைவிடாமல் இருக்க என்ன வழி என்ற கேள்விக்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு பதில் வந்தது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவனின் பிளாஸ்டிக் சாலை. குப்பையை ஒழிக்கும் உபாயமாகத்தான் அதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். என் பார்வையில் அதன் நுட்பம் வேறு இடத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக்கைத் தாரில் கரைப்பது பலரும் முயன்ற வழி. அவர் பிளாஸ்டிக்கை முதலில் கல்லுக்குக் கொடுத்தார். ஏறக்குறைய 165 டிகிரிக்குச் சூடேறிய ஜல்லிமேல் பொடியாக நறுக்கிய பையையும் கவரையும் தூவினால், அது உருகி மெல்லிய படலமாகக் கல்லைச் சுற்றிக்கொள்கிறது. கல்லின் துளைகள் அடைபடுகின்றன. அதன்மேல் தார் விழுகிறது. பிளாஸ்டிக்கும் தாரும் எண்ணெய் வழி உறவுக்காரர்கள், சுலபமாக ஒட்டிக்கொள்கிறார்கள். தண்ணீருக்குக் கல் கண்ணிலேயே படுவதில்லை.

சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002-லேயே இப்படிச் சாலை போட்டார்கள். பிறகு ஈரோட்டிலும் மதுரை வண்டியூரிலும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சில வருடம் கழித்து இந்தச் சாலைகளைச் சோதித்தது. அதில் ஒன்று பெங்கல்மன் தடிச் சோதனை: பாரம் ஏற்றிய லாரியின் இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே ஒரு நீண்ட தடியின் நுனியை வைப்பார்கள். லாரி நகர்ந்ததும், அமுங்கியிருந்த சாலை மூச்சு வாங்குவதுபோல் மேலே எழும். நல்ல சாலையில் எழும் அளவு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இருக்கும். அதிகம் எழுந்தால் அடியில் பலமில்லை என்று பொருள். பிளாஸ்டிக் சாலைகள் இதிலும் மற்றவற்றிலும் நல்ல பெயரோடு தேறின. 2013-ல் இந்தியச் சாலைப் பேரவை இதற்கு நெறிமுறை வெளியிட்டது: தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் வரை பிளாஸ்டிக், பிவிசி கூடவே கூடாது. பிவிசியில் குளோரின் இருக்கிறது. சூடுபட்டால் நச்சுப் புகை. வாசுதேவனுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதை மாய மருந்தாக விற்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தெருக் குப்பையிலிருந்து பிவிசியைப் பிரித்து, கழுவி, உலர்த்தி, ஒரே அளவில் நறுக்குவதுதான் இதில் கடினமான வேலை; அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சாலை தேயும்போது அந்தப் படலம் துகளாகி எங்கே போகிறது என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது, நியாயமான கேள்வி. தண்ணீர் வடிய வழியில்லாத தெருவில் எந்தப் படலமும் நெடுநாள் காப்பாற்றாது.

இன்னொரு பக்கம் நெதர்லாந்தில் தாரோடு எஃகு நார்களைக் கலந்து, வருடங்கள் கழித்து மின்காந்தத்தால் சூடேற்றி விரிசலை ஒட்டவைக்கும் சாலையை 2010-ல் ஏ58 நெடுஞ்சாலையில் போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் பயந்ததும் கல் கழன்று வருவதற்குத்தான்.

நம் ஊரில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒரு தெர்மாமீட்டரை. நாம் பரவலாகப் பயன்படுத்தும் விஜி-30 என்ற ரகத் தாரில் கலவை 150 டிகிரிக்கு மேல் ஆலையை விட்டுப் புறப்பட வேண்டும், விரிக்கும்போது 140-க்குக் குறையக் கூடாது, ரோலர் வேலை 90-க்கு இறங்கும் முன் முடிய வேண்டும். லாரி நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றால், தார்ப்பாய் போட்டு மூடாமல் வந்தால், கலவை ஆறிப்போகும். ஆறிய கலவைமேல் எத்தனை தரம் ரோலர் ஏற்றினாலும் இறுகாது. பார்வைக்குக் கறுப்பாக, சமமாக, அழகாகத்தான் இருக்கும். உள்ளே காற்றிடம் 8 சதவீதத்தைத் தாண்டினால் துளைகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். அப்புறம் மழைக்கு அழைப்பிதழ் வேண்டியதில்லை.

கலவை சரியாக இறுகியிருக்கிறதா என்று தெரிய, போட்ட சாலையை வட்டமாக வெட்டி ஓர் உருளையை எடுத்து, காற்றிலும் தண்ணீரிலும் நிறுத்துப் பார்ப்பார்கள். எங்கள் தெருவில் குழியை ஒட்டிப் புதிதாகப் போட்ட பகுதியிலும் போன வாரம் இப்படி ஓர் உருளை எடுத்தார்கள். சந்தோஷமாக நின்று பார்த்தேன். எடுத்த வேகத்தில் கிளம்பிப் போய்விட்டார்கள். பத்து செ.மீ. அகல ஓட்டை திறந்தே கிடக்கிறது. நேற்று பெய்த மழைத் தண்ணீர் அதில் நிற்கிறது.