சோறும் வைக்கோலும் இறப்பரும்

வீட்டு மேசையின் இழுப்பறைக்குள் எப்படியும் ஓர் இறப்பர் வளையம் கிடக்கும். சற்று அகலமானதாயின் நன்று. அதனை இரு கைகளாலும் பற்றிச் சடுதியாக இழுத்து, இழுத்தபடியே உதட்டில் வைத்துப் பாருங்கள். மெல்லிய சூடு தெரியும். அரை நிமிடம் அவ்வாறே வைத்திருந்து, பின் சட்டெனத் தளரவிட்டு மீண்டும் உதட்டில் வையுங்கள். இப்போது குளிர்ச்சி தெரியும். இனி, அவ்வளையத்தில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டு அதன்மேல் வெந்நீரை ஊற்றினால் என்ன நேரும்? சூடேறிய பொருள் நீளும் என்றே மாணவர் பலரும் விடை கூறுவர். இறப்பரோ சுருங்கிப் பாரத்தை மேலே தூக்கும்!

இங்கிலாந்தின் கெண்டல் நகரில் வாழ்ந்த ஜோன் கஃப் என்பவர் இவ்வியல்பைக் கண்டு 1805 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். உதட்டின் உணர்ச்சியே அவருக்குக் கருவியாயிற்று. அவர் கண்டதற்கு மூலக்கூற்றளவிலான காரணம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எவருக்கும் பிடிபடவில்லை.

1920 ஆம் ஆண்டில் ஹேர்மன் ஸ்டௌடிங்கர் என்னும் ஜேர்மன் நாட்டு அறிஞர், இறப்பர் முதலியவை சிறு மூலக்கூறுகளின் வெறுங் கூட்டம் அல்ல, ஆயிரக்கணக்கான அலகுகள் ஒன்றோடொன்று பிணைந்த நெடுஞ் சங்கிலிகளே என்று எழுதினார். அக்கால இரசாயன அறிஞர் பலர் அதனை நம்ப மறுத்தனர். அத்துணைப் பெரிய மூலக்கூறு இருத்தல் இயலாது என்பது அவர்கள் துணிபு. ஸ்டௌடிங்கர் தம் கொள்கையைக் கைவிடவில்லை. 1953 இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தபோது அவருக்கு வயது 72.

சங்கிலி என்று கொண்டால் இறப்பர் வளையத்தின் புதிர் அவிழ்கிறது. அச்சங்கிலிகள் சிக்குண்ட நூற்பந்து போலச் சுருண்டு கிடக்கின்றன. இழுக்கும்போது நேராகின்றன, சூடேற்றும்போது துடிப்பு மிகுந்து பழைய சிக்கலுக்கே திரும்ப முயல்கின்றன. அம்முயற்சிதான் பாரத்தைத் தூக்குகிறது.

இவ்வகைப் பொருள்களை நம் பாடநூல்கள் பல்பகுதியம் என்று வழங்குகின்றன. தமிழ்நாட்டார் பலபடி என்பர். ஒருபகுதியம் பல சேர்ந்தால் பல்பகுதியம். சொல்லைக் கேட்டவுடனேயே பொருள் விளங்கும் இத்தகைய கலைச்சொல் வேறு மொழி மாணவருக்கு எளிதில் வாய்ப்பதன்று. ஆயினும் என்ன பயன்? பெரும்பாலான வகுப்புகளில் இப்பகுதி, பரீட்சை நெருங்கும் வேளையில், நான்கு வரைவிலக்கணங்களும் ஆறு பெயர்களுமாக விரைந்து முடிக்கப்படுகிறது. ஒருபகுதியத்தின் அமைப்பைப் பிழையின்றி வரையும் மாணவி, தன் கையிலுள்ள இறப்பர் வளையம் ஏன் சுருங்குகிறது எனக் கேட்டால் திகைக்கிறாள். குற்றம் அவளுடையதன்று.

தொடங்க வேண்டிய இடம் சோற்றுக் கோப்பை. சோற்றிலுள்ள மாப்பொருள் ஒரு பல்பகுதியம். குளுக்கோசு அலகுகளால் ஆனது. வைக்கோலில் மிகுதியாயுள்ள செலுலோசும் அதே குளுக்கோசு அலகுகளால் ஆனதுதான். ஒரே வயலில், ஒரே பயிரில் விளைந்தவை. ஒன்று நமக்கு உணவு; மற்றையதை நாம் செரிக்க மாட்டோம். அலகுகள் பிணைந்துள்ள கோணத்திலேதான் வேற்றுமை. பசுவுக்கும் அந்தப் பிணைப்பைத் தானே அறுக்கும் ஆற்றல் இல்லை. அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்து கொடுக்கின்றன. பருத்தி வேட்டி ஏறக்குறையத் தூய செலுலோசு. பனைநாரையும் தென்னந்தும்பையும் கொண்டு கயிறு திரித்த நம் முன்னோர் பல்பகுதியத் தொழிலாளரே, அப்பெயரை அறியார் எனினும்.

இறப்பரைப் பற்றியோ நாம் பிறரிடம் கேட்க வேண்டியதில்லை. 1876 ஆம் ஆண்டில் அமேசன் காட்டிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுவந்த சுமார் 70,000 விதைகள் இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவில் இடப்பட்டன. முளைத்த கன்றுகளில் ஏறக்குறைய 1,900 இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் அவை வேரூன்றின. 1952 இல் சீனாவுடன் செய்த உடன்படிக்கையினால் இறப்பரைக் கொடுத்து அரிசி பெற்றோம். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியோருள் தமிழ்க் குடும்பத்தினரும் இருந்தனர். அவர்தம் பிள்ளைகள் சிரட்டையில் வடியும் பாலை நாள்தோறும் கண்டு வளர்ந்தவர்கள். அந்தப் பாலில் வினாகிரியை விட்டால் இறப்பர் திரண்டு கட்டியாகும். பிழிந்து உருட்டினால் துள்ளும் பந்து. பத்து நிமிடப் பரிசோதனை. பால் சில மணி நேரத்திலேயே தானாக உறையத் தொடங்கும் என்பதால் யாழ்ப்பாணத்துப் பாடசாலைக்கு அனுப்புவதாயின் அமோனியா கலந்து அனுப்ப வேண்டும். அப்போது வினாகிரி சற்று அதிகம் தேவைப்படும், அவ்வளவே.

உயர்தர மாணவருக்கு ஏற்ற வேறொன்று, போல் மோர்கன், ஸ்டெபனி குவாலெக் ஆகியோர் 1959 இல் இரசாயன ஆசிரியருக்கான சஞ்சிகையொன்றில் எழுதிய நைலோன் கயிற்று வித்தை. ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்கள் முகவையில் அடுக்காக நிற்கும். அவை சந்திக்கும் இடத்தில் மெல்லிய படலம் தோன்றும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் நைலோன் இழை முடிவின்றி வந்துகொண்டே இருக்கும். (ஆசிரியர் கையுறை அணிந்து செய்யவேண்டியது, வீட்டில் வேண்டாம்.) தொழிற்சாலை ஆய்வாளரான அவ்விருவருக்கும் பள்ளிக்கூடத்துக்காக எழுதும் அக்கறை இருந்தது. அதே குவாலெக் அம்மையார்தான் 1965 இல் குண்டு துளைக்காத அங்கிகளுக்குப் பயன்படும் கெவ்லார் இழைக்கு வழிகண்டார்.

அந்த அக்கறையையே நம் பல்கலைக்கழகங்களிடமும் எதிர்பார்க்கிறோம். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பல்பகுதிய விஞ்ஞானத்தில் முதுமாணிக் கல்வி உண்டு. திண்ம டயர் ஏற்றுமதியில் இலங்கை உலகின் முன்னணியில் நிற்கிறது. அங்கே படித்தவருக்கு வேலைக்குக் குறைவிராது. எனினும் அந்த வாயிலை அடைபவர், பாடசாலையில் தற்செயலாக ஆர்வம் பிறந்த ஒரு சிலரே. விரிவுரையாளர் ஒருவர் ஆண்டில் இரண்டு நாள், ஒரு கலன் இறப்பர்ப் பாலுடன் ஒரு பாடசாலைக்குச் செல்லலாகாதா? ஆசிரியருக்கு விடுமுறைக் காலத்தில் ஆய்வுகூடத்தைத் திறந்துவிடலாகாதா? புதிய கட்டிடமும் பெருநிதியும் இதற்கு வேண்டியதில்லை.

2021 ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது, அரிசிமணி போன்ற வெண்ணிறப் பிளாஸ்டிக் குறுணிகள் மேற்குக் கடற்கரையெங்கும் ஒதுங்கின. மணலைச் சல்லடையில் சலித்தும் தீரவில்லை. அவை என்ன, ஏன் மிதந்து வந்தன என்று சிறுவர் கேட்டிருப்பர். அவற்றுட் பெரும்பாலானவை பொலித்தீன். நீரினும் அடர்த்தி குறைந்தது. இதனைக் காட்ட ஒரு கண்ணாடிக் குவளை போதும். பொலித்தீன் பையின் துண்டு நீரில் மிதக்கும். பொலித்தைரீனால் ஆன யோகட் கோப்பையின் துண்டு அமிழும். உப்பை நிறையக் கரைத்தால் அதுவும் மேலே வரும். பீ.வீ.சீ. குழாயின் துண்டு அப்போதும் அடியிலேயே கிடக்கும்.