ஆறேழு பேரைப் பார்த்தால் போதும்

பொழுது சாயும் நேரம். ரோம் நகரின் டெர்மினி ரயில் நிலையத்துக்கு மேலே ஆயிரக்கணக்கில் ஸ்டார்லிங் பறவைகள். நம்ம மைனாவுக்குச் சொந்தக்காரர்கள்தான். கூட்டம் புகை மாதிரி விரிகிறது, சுருங்குகிறது, சட்டென்று திரும்புகிறது. ஆனாலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதில்லை. தலைவன் யார்? யாருமே இல்லை!

எட்மண்ட் செலூஸ் என்ற ஆங்கிலேயர் இதைப் பல வருஷம் பார்த்து அசந்துபோய், பறவைகள் மனசோடு மனசு பேசிக்கொள்கின்றனவோ என்று 1931-இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். பாவம், அவர் கையில் அதிவேக கேமரா இல்லை.

பிற்பாடு இத்தாலிய இயற்பியலாளர்கள், அந்த ரயில் நிலையத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தின் மொட்டைமாடியில் கேமராக்களை வைத்துப் படம்பிடித்தார்கள். 2008-இல் விடை வெளியானது. ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றியுள்ள ஆறேழு பறவைகளை மட்டுமே கவனிக்கிறது. அவை நெருங்கிப் பறந்தாலும் சரி, விலகிப் பறந்தாலும் சரி. அதனால்தான் வல்லூறு பாய்ந்தாலும் கூட்டம் எளிதில் சிதறுவதில்லை.

இதே குடும்பத்துச் சூறைக்குருவிகள் குளிர்காலத்தில் நம் ஊருக்கும் வருகின்றன. திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்கள், சாயங்காலம் குளத்தங்கரையில் நின்று கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள்.