டிவிடி பூட்டைத் திறந்து கொடுத்தால் நோட்டு போட வேண்டும்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டது. பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் பக்கம் போகிறார்கள். தென்காசி, குற்றாலம் வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குழப்பம் இது: ‘லினக்ஸோடு, பட டிவிடி ஓட்டும் மென்பொருளையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் கேஸ் வருமா?’

கல்யாண வீடியோவுக்கு இந்தக் கவலை வேண்டாம். ஸ்டுடியோக்காரர் பூட்டா போடுகிறார்? கம்பெனி டிவிடிகள் பலவற்றில் சிஎஸ்எஸ் என்ற பூட்டு உண்டு. லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற திறமூல நிரல் அதைத் திறக்கிறது.

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் நுழைந்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. காசு கொடுத்து வாங்கியதை வீட்டில் பார்ப்பவரிடம் அந்த நோக்கம் இல்லை. அமெரிக்காவின் 1998-ம் ஆண்டுச் சட்டம் உடைக்கும் கருவியை விநியோகிப்பதையே தடுக்கிறது; நம் பிரிவில் அப்படி நேரடித் தடை கிடையாது. சமநிலையான சட்டம் என்று சொல்லிக்கொள்ள இது போதும்.

ஆனால், உள்ளே ஒரு வரம்புரை இருக்கிறது. சட்டம் தடுக்காத காரியத்துக்காக ஒருவர் பூட்டைத் திறக்க நீங்கள் உதவினால், அவருடைய பெயர், முகவரி, அடையாள விவரம், எதற்காகத் திறக்கிறார் என்பது அத்தனையையும் பதிந்து வைக்க வேண்டும். குற்றாலம் லாட்ஜில் ரூம் போடுபவரைப் போல, பழைய படம் பார்க்க நினைப்பவரும் பேர் எழுதிவிட்டுப் போக வேண்டும். கடைக்காரருக்காவது ஆள் எதிரே நிற்கிறார். இணையத்தில் நிரலை வைத்தவர் யார் பேரை எழுதுவார்? பென்டிரைவ் கொடுப்பதே ‘உதவி’ ஆகிவிடுமா, நோட்டை எத்தனை வருஷம் வைத்திருப்பது, யார் கேட்டால் காட்டுவது, எழுதாவிட்டால் என்ன தண்டனை? ஒன்றுக்கும் பிரிவில் பதில் இல்லை. தப்பு செய்யாதவரின் விலாசத்தைக் கேட்பதில் மட்டும் தெளிவாக இருக்கிறார்கள்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு இதிலிருந்து கெட்டிக்காரத்தனமாக ஒதுங்கிக்கொள்கிறது. அது தருவது லிப்டிவிடி-பிகேஜி என்ற சிறு பொதி மட்டுமே. அதை நிறுவும்போது உங்கள் கணினியே லிப்டிவிடிசிஎஸ்எஸ் மூலநிரலை, அதை உருவாக்கிய வீடியோலேனின் தளத்திலிருந்து இறக்கித் தொகுத்துக்கொள்ளும்.

அதே வீடியோலேனின் விஎல்சி பிளேயருக்குத் தடையா? 2022-ல் அதன் இணையதளம் இந்தியாவில் முடங்கியது; அந்த நவம்பரிலேயே திறந்துவிட்டது.

படத்தை நகலெடுத்து விற்றால்? அது 63-வது பிரிவு. 3 ஆண்டு வரை சிறை.

கடைக்காரர்களுக்கு: உபுண்டுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அந்தப் பொதியை வாடிக்கையாளரே நிறுவட்டும். நீங்களே போட்டுக் கொடுப்பதானால், முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வையுங்கள்.